இருவாச்சி கட்டின சுவரும் என் லேத் பட்டறையும்

போன வாரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்தான். கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல். "மாமா, பார்ட்னர்ஷிப் பத்திரம் ரெடி. நீங்க ஒருக்கா படிச்சுப் பாத்து சரின்னு சொன்னீங்கன்னா திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுருவோம்"னு நீட்டினான்.

விஷயம் இதுதான். கோயமுத்தூர்ல ஒரு பேக்கரி ஆரம்பிக்கிறான். பணம் இவன் போடறான். (சரியாச் சொல்லணும்னா எங்க அக்கா வீட்டுப் பத்திரம் போடுது.) கூட்டாளி ஒரு பேக்கரி மாஸ்டர். இவனோட பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவன். பத்து வருசமா ஓவன் முன்னாடி நின்ன கை. லாபத்துல ஆளுக்குப் பாதி.

எட்டுப் பக்கம் இருந்தது. கடை பேர், முதல் எவ்வளவு, பேங்க் கணக்குல யார் கையெழுத்து எல்லாம் இருக்கு. லாபத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு மட்டும் ஒன்றரைப் பக்கம். பிரியறதா இருந்தா எப்படிப் பிரியறதுன்னு ஒரு வரிகூட இல்லை.

"ஏண்டா, ஒத்து வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"கூட்டுத் தொழில்ங்கிறது கல்யாணம் மாதிரி மாமா. கல்யாணப் பத்திரிகையில டைவர்ஸ் தேதியுமா போடறாங்க?"ன்னு சிரிச்சான்.

நானும் சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. ஏன்னா 2004ல இதே வசனத்தை நானும் சொல்லியிருக்கேன். கேட்டவர் எங்கப்பா.

கூட்டுத் தொழில் கல்யாணம் மாதிரின்னு எல்லாருமே சொல்றோம். எனக்கு அந்த உவமையிலதான் கோளாறுன்னு தோணுது. கல்யாணம்னு சொன்ன உடனே சொந்தக்காரங்க, சீரு, மானம், ஊர் என்ன சொல்லும்ங்கிறதெல்லாம் கூடவே வந்துடுது. அப்புறம் கணக்குப் பாக்கறதே அசிங்கமாத் தெரியும். அதனால கல்யாண மண்டபத்தை விட்டுட்டு கொஞ்சம் காட்டுப் பக்கம் போவோம். அங்கயும் ஜோடி சேர்றது உண்டு, ஏமாத்தறது உண்டு, பிரியறது உண்டு. ஊர் வாய்தான் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மிருகத்தைப் பாத்து மனுசன் ஒழுக்கம் கத்துக்கணும்னு சொல்ற ஆள் நானில்லை. காக்கா கூட்டுல முட்டை வெச்சுட்டுப் போற குயிலும் அதே காட்டுலதான் இருக்கு. அன்றில் பறவை, இணை செத்தா தானும் சாகும்னு தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்து வளர்ந்தவங்க நாம. ஆனா 1980களுக்கு அப்புறம் டிஎன்ஏ சோதனை வந்து, காலமெல்லாம் ஒரே ஜோடின்னு நம்பியிருந்த பல பறவைகளோட கூட்டுல வேற அப்பனோட குஞ்சும் இருக்குன்னு காட்டிக் கொடுத்துடுச்சு. அதனால உத்தமர்களைத் தேடிப் போகலை. கணக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கத்தான் போறோம்.

முதல்ல சிலந்தி. ஐரோப்பாவுல ஒரு வகை சிலந்தி இருக்கு. பிசாரா மிராபிலிஸ்னு பேரு. ஆண் சும்மா போய் நின்னா பெரும்பாலும் காரியம் நடக்காது. ஒரு பூச்சியைப் பிடிச்சு, நூலால நல்லா சுத்திப் பொட்டலம் கட்டி, பரிசாக் கொண்டுபோய் கொடுக்கணும். பெண் அதைத் திங்கிற நேரத்துலதான் இவன் இணைசேர முடியும். இதுல வேடிக்கை என்னன்னா, சில ஆண்கள் உள்ள சத்தே இல்லாத பூச்சிக்கூடு, செடித் துண்டு இப்படி எதையாவது வெச்சு சுத்திக் கொடுத்துடறாங்க. மேல சுத்தின நூல் மட்டும் பளபளன்னு அதே நூல். 2011ல வந்த ஒரு ஆய்வு இதைப் பத்திப் பேசுது. வெறும் பொட்டலம்னு தெரிஞ்சா பெண் சீக்கிரமே முடிச்சுட்டுக் கிளம்பிடுது. ஆனா பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

2004க்கு வர்றேன். நான் அப்ப ஒரு மில்லுல ஸ்டோர்ஸ் பாத்துட்டு இருந்தேன். என் கூட்டாளி அருமையான டர்னர். கணபதியில ஒரு சின்ன ஷெட்டைப் பிடிச்சு, ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின் போட்டு, பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுக்கிற ஜாப் வொர்க். பேச்சுவார்த்தை எல்லாம் டீக்கடையிலதான். "மாசம் முழுக்க ஓடற அளவுக்கு மூணு கம்பெனி ஆர்டர் என் கையில இருக்கு"ன்னு அவன் சொன்னான். உண்மையில ஒண்ணுதான் உறுதி. மத்த ரெண்டும் "பாக்கலாம்"னு சொன்ன கம்பெனிங்க. பல வருசமா இதை நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், அவன் என்னை ஏமாத்திட்டான்னு.

நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. "முழுப் பணமும் என் சேமிப்பு, கடன் ஒரு பைசா கிடையாது"ன்னு அவன்கிட்ட நான் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல வீட்டம்மா நகையை அடகு வெச்சு வாங்கினது. மாசாமாசம் வட்டி ஓடுது. நான் கொடுத்ததும் நூல் சுத்தின பொட்டலம்தான். ரெண்டு பேரும் பிரிச்சுப் பாக்கலை. பிரிச்சுப் பாத்தா மரியாதைக் குறைவுன்னு நினைச்சோம். சிலந்திக்கு இருந்த விவரம் எங்களுக்கு இல்லை.

அடுத்தது இருவாச்சி. கோயமுத்தூர்க்காரன் வால்பாறைக்குப் போய் இருவாச்சி பாக்காம வந்தா அது குத்தம். நான் ரொம்ப லேட்டா, ரெண்டு மாசம் முன்னாடிதான் பாத்தேன். மரத்துக்குக் கீழ நின்னுட்டு இருக்கோம், பழைய ரயில் எஞ்சின் மூச்சு வாங்கற மாதிரி ஒரு சத்தம். இறக்கை சத்தம்! ஆண் வந்து உக்காந்துச்சு. மரப் பொந்து வாசல் முழுக்க அடைச்சிருக்கு, நடுவுல நீளமா ஒரு கீத்து மட்டும். தொண்டையில இருந்து அத்திப்பழத்தை ஒவ்வொண்ணா எடுத்து அந்தக் கீத்து வழியா உள்ள நீட்டுச்சு. உள்ள இருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கிச்சு. பாத்துட்டே இருக்கலாம்.

உள்ள இருக்கிற பெண் மூணு நாலு மாசம் வெளிய வராது. முட்டையிட்டு அடைகாக்கிற அந்தச் சமயத்துல பறக்கிற இறகையெல்லாம் உதிர்த்துடும். புதுசா முளைக்கிற வரைக்கும் சாப்பாடு மொத்தமும் வெளிய இருக்கிறவன் கையில. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தக் கூடு தப்பிக்கிறது கஷ்டம்.

ராபர்ட் டிரிவர்ஸ்னு ஒரு உயிரியலாளர் 1972ல ஒரு விஷயம் எழுதினார். குஞ்சுக்காக எந்தப் பால் அதிகம் போடுதோ, அதுதான் துணையைத் தேர்ந்தெடுக்கறதுல அதிகமா யோசிக்கும்னு. தொழிலுக்கும் இது அப்படியே பொருந்தும்னு தோணுது. எந்தக் கூட்டுலயும் ஒருத்தன் திரும்ப எடுக்க முடியாததைப் போட்டிருப்பான், இன்னொருத்தன் எங்க போனாலும் கூடவே வர்றதைப் போட்டிருப்பான். என் பட்டறையில நான் போட்டது மிஷின், அட்வான்ஸ், நகை. அவன் போட்டது கை வேலை. நாளைக்கே கதவைச் சாத்தினா அவன் கை அவன்கூடப் போகும். என் நகை வராது. பொந்துக்குள்ள இருந்தது நான். ஆனா யோசிச்சுப் பாத்தா, இறகு உதிர்த்ததும் நான், துணையைக் கம்மியா யோசிச்சு எடுத்ததும் நான்.

இதே கணக்குதான் அக்கா பையனுக்கும். பேக்கரி நடக்கலைன்னா மாஸ்டருக்கு அடுத்த நாளே வேற கடையில வேலை இருக்கு. அக்காவுக்கு வேற வீடு கிடையாது.

ஆனா வால்பாறையில எனக்குக் காட்டிக் கொடுத்தவர் சொன்ன ஒரு தகவல்தான் மண்டைக்குள்ள நின்னுடுச்சு. அந்தச் சுவரைக் கட்டறது ஆண் இல்லை. பெரும்பாலும் பெண்தான், உள்ள உக்காந்துட்டு தன் எச்சத்தையே பூசிப் பூசி அடைக்குது. வெளிய வர்ற நேரம் வந்தா அதை உடைக்கிறதும் அதே அலகுதான். நான் இத்தனை நாளா ஆண் அடைச்சு வைக்குதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். மாட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியற ஆள்கிட்டதான் கதவு இருக்கு. என்கிட்ட அப்படி ஒரு கதவு இல்லை. சுவர் மட்டும் நானே கட்டிக்கிட்டேன்.

கதவு இருந்தா மட்டும் போதுமா? உள்ள என்ன நடக்குதுன்னு தினம் தெரியணும். இதுக்குக் கடல் குதிரை. ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கத்துல இருக்கிற ஒரு வகையில, சினைப்பையைச் சுமக்கிற ஆண் ஒரு பக்கம் இருக்கும், பெண் ஒரு பக்கம் போயிடும். ஆனா தினமும் காலையில ரெண்டும் சந்திக்கும். நிறம் மாறும், ஒரே புல்லைப் பிடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வரும். சில நிமிசம்தான். அப்புறம் அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடும். 1990கள்ல அமண்டா வின்சென்ட் என்கிற ஆராய்ச்சியாளர் தண்ணிக்குள்ளயே போய் உக்காந்து இதைப் பதிவு பண்ணினார்.

எங்க பட்டறையில முதல் ஒரு வருசம் இது நடந்தது. ராத்திரி ஷெட்டர் இறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிசம், அன்னைக்கு எத்தனை பீஸ், எவ்வளவு வரவு, எவ்வளவு பாக்கின்னு ஒரு நோட்டுல எழுதுவோம். அப்புறம் வாரம் ஒருக்கா ஆச்சு, மாசம் ஒருக்கா ஆச்சு. 2007 தீபாவளிக்கு அப்புறம் அந்த நோட்டு எங்க போச்சுன்னே தெரியலை. சண்டை ஒண்ணும் இல்லை. "நமக்குள்ள என்ன கணக்கு"ங்கிற பெருந்தன்மைதான் காரணம். பெருந்தன்மையால கெட்ட பட்டறை எங்களோடதாத்தான் இருக்கும்.

2008ல மின்வெட்டு ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல கோயமுத்தூர்ல பட்டறை வெச்சிருந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்டர் இருக்கும், கரண்ட் இருக்காது. அப்பவே மூடியிருக்கணும். நாங்க என்ன பண்ணினோம்? கடன் வாங்கி டீசல் ஜெனரேட்டர் வாங்கினோம். "இவ்வளவு போட்டாச்சு, இப்ப விடறதா?"ங்கிறதுதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போன கடைசி கருத்து.

இதுக்கு உயிரியல்ல ஒரு பேரே இருக்கு. கான்கார்ட் தப்புன்னு வெச்சுக்கலாம். குஞ்சை விட்டுட்டுப் போறதா வேண்டாமான்னு ஒரு பறவை முடிவு பண்றப்போ, இதுவரைக்கும் எவ்வளவு போட்டோம்னு பாக்கக் கூடாது, இனிமே என்ன வரும்னுதான் பாக்கணும்னு ரிச்சர்ட் டாக்கின்ஸும் இன்னொருத்தரும் 1976ல எழுதினாங்க. அதுக்குத்தான் கான்கார்ட் விமானத்தை உதாரணம் காட்டினாங்க. அந்த விமானமும் ஒரு கூட்டுத் தொழில்தான். பிரிட்டனும் பிரான்சும் 1962 நவம்பர்ல கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். கான்கார்ட்னா இணக்கம்னு அர்த்தம். அந்த ஒப்பந்தத்துல ஒருத்தர் மட்டும் விலகிக்கிறதுக்கு வழியே எழுதலை. 1964ல பிரிட்டன்ல ஆட்சி மாறி, புது அரசாங்கம் செலவைப் பாத்து மிரண்டு, விட்டுடலாமான்னு யோசிச்சப்போ, விலகினா பிரான்ஸ் கோர்ட்டுக்கு இழுக்கும்கிற பயத்துலயே தொடர வேண்டியதாப் போச்சு. மொத்தம் 20 விமானம் கட்டினாங்க, 14தான் பயணிகள் சேவைக்கு வந்தது. 1976ல பயணிகளோட பறக்க ஆரம்பிச்சு 2003ல நின்னுச்சு. ரெண்டு நாட்டு அரசாங்கத்துக்கே இந்தக் கதி. நாங்க ரெண்டு லேத் வெச்சிருந்த ஆளுங்க.

கடைசியில 2011ல பிரிஞ்சோம். எப்படிப் பிரிஞ்சோம்னு புரிய வெச்சது ஒரு குளவி. அமெரிக்காவுல இருக்கிற ஒரு வகைக் குளவி. பெண் மண்ணுல குழி தோண்டி, வெட்டுக்கிளி மாதிரிப் பூச்சிகளைக் கொட்டி மயக்கி, வரப்போற புழுவுக்குச் சாப்பாடாக் கொண்டுவந்து சேர்க்கும். சில சமயம் ஒரே குழியில ரெண்டு குளவி, ஒண்ணுக்கொண்ணு தெரியாமலே சாமான் சேர்க்கும். என்னைக்காவது நேருக்கு நேர் பாத்துக்கிட்டா சண்டை. எவ்வளவு நேரம் சண்டை போடும்? குழிக்குள்ள மொத்தம் எத்தனை பூச்சி இருக்குங்கிறதைப் பொறுத்து இல்லை. தான் எத்தனை கொண்டுவந்தோம்ங்கிறதைப் பொறுத்து! டாக்கின்ஸும் ஜேன் பிராக்மேனும் 1980ல எழுதின கட்டுரை இது.

பெரியவர் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில எங்க பஞ்சாயத்து நடந்தது. நான் போட்ட பணத்தையும் நகை வட்டியையும் சொன்னேன். அவன் ஏழு வருசம் ராத்திரி ஷிஃப்ட் நின்னதைச் சொன்னான், நசுங்கின விரலைக் காட்டினான். மொத்தம் என்ன இருக்கு, இனிமே என்ன கிடைக்கும்னு ஒருத்தரும் பேசலை. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். ஆனா ஒருத்தர் சேர்த்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. எழுதி வெச்ச நோட்டுதான் 2007லயே காணாமப் போச்சே.

நான் விலகினேன், அவன் அதே பேர்ல நடத்தினான். ஒண்ணரை வருசம் கழிச்சு ஒரு இரும்புக் கடைக்காரர் என் வீட்டு வாசல்ல நிக்கிறார். நான் போனதுக்கப்புறம் வாங்கின சரக்குக்குப் பாக்கி. வக்கீல்கிட்ட ஓடினேன். 1932ம் வருசத்து கூட்டாண்மைச் சட்டத்துல 32வது பிரிவைப் படிக்கச் சொன்னார். விலகின பங்குதாரர், தான் விலகினதைப் பொது அறிவிப்பாக் கொடுக்காத வரைக்கும் வெளியாளுங்களுக்கு அவரும் பொறுப்புதான். அரசிதழ்லயும் ஒரு தமிழ்ப் பேப்பர்லயும் போட்டிருக்கணுமாம். நான் திண்ணையில சொல்லிட்டு வந்தேன். பணம் கட்டினேன். அவன் வேணும்னு பண்ணலைன்னு இன்னைக்கு எனக்குத் தெரியும். அன்னைக்குத் தெரியலை. அதுக்கப்புறம் பேச்சு வார்த்தை இல்லை. ரெண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் பத்திரிகை வைக்கலை.

பிரிஞ்சவங்க எல்லாரும் இப்படியா கெட்டாங்க? டிவிஎஸ் 1980கள்ல சுசுகியோட சேர்ந்து, 2001ல பிரிஞ்சு, தன் கால்ல நின்னுச்சு. ஹீரோவும் ஹோண்டாவும் 1984ல சேர்ந்தாங்க. ஆளுக்கு 26 சதவீதம். 1999ல ஹோண்டா தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சப்பவே, தண்டவாளம் ரெண்டாப் பிரியப் போகுதுன்னு தெரிஞ்சுடுச்சு. 2010 டிசம்பர்ல பிரிவை அறிவிச்சாங்க. ஹோண்டாவோட பங்கை ஹீரோ குழுமம் வாங்கிக்கிச்சு, தொழில்நுட்பமும் பேரும் எதுவரைக்கும்னு 2014 வரை கணக்கு போட்டு எழுதினாங்க. ரெண்டு பேரும் இன்னைக்கும் வண்டி வித்துட்டுத்தான் இருக்காங்க. பிரியறது தோல்வி இல்லை. எப்படிப் பிரியறதுன்னு தெரியாம பிரியறதுதான் தோல்வி.

சட்டத்துல வழியே இல்லையான்னு கேக்கலாம். இருக்கு. காலக்கெடுவும் முடிவும் எழுதாத கூட்டுன்னா, ஒரு பங்குதாரர் எழுத்துல நோட்டீஸ் கொடுத்தே கலைச்சுடலாம்னு 43வது பிரிவு சொல்லுது. ஆனா சட்டம் கதவைத்தான் காட்டும். ஓவன் யாருக்கு, கடை பேர் யாருக்கு, பத்து வருச கை வேலைக்கு என்ன விலைன்னு அது சொல்லாது. அதை நாமதான் எழுதணும். அதுவும் முகம் பாத்து சிரிக்கிற காலத்துலயே எழுதணும்.

அதனால அக்கா பையனோட பத்திரத்துல பென்சிலால அஞ்சு வரி எழுதிக் கொடுத்தேன். ஒண்ணு, கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் அவங்கவங்க கடனையும் கையில இருக்கிற ஆர்டரையும் காகிதத்தோட காட்டணும். ரெண்டு, தினமும் கடை சாத்தினதும் பத்து நிமிசம் கணக்கு. மூணு, மாஸ்டரோட உழைப்புக்கு மாசச் சம்பளம் தனியா எழுதணும், வருசா வருசம் மார்ச் 31ல யார் எவ்வளவு போட்டிருக்காங்கன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நாலு, ஆறு மாசம் தொடர்ந்து நஷ்டம்னா உக்காந்து, "இன்னைக்குப் புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா ஆரம்பிப்போமா?"ன்னு கேட்டுக்கணும். அஞ்சு, விலகணும்னா மூணு மாச நோட்டீஸ், விலையை யார் மதிப்பு போடறது, பொது அறிவிப்பு யார் செலவு.

மாஸ்டரோட அப்பாவுக்கு இது பிடிக்கலையாம். "நல்ல காரியம் தொடங்கறப்ப பிரியற பேச்சா? அபசகுனம்"னு சொன்னாராம். அவர் சொல்றதும் எனக்குப் புரியுது. எங்கப்பா கேட்டப்போ நானும் இதைத்தான் மனசுக்குள்ள நினைச்சேன். ஆனா அந்தப் பேச்சைத் தள்ளிப் போட்டதால எனக்குப் போனது நகை மட்டும் இல்லை. ஒரு நல்ல சிநேகிதன் போனான். பணத்தைக்கூட அப்புறம் சம்பாதிச்சுட்டேன்.

நேத்து ராத்திரி மாஸ்டர் பையனே போன் பண்ணினான். "மாமா, மூணாவது வரி எனக்கு நல்லதுதானுங்களே? அதை மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க"ன்னான். தன் உழைப்பைக் கணக்குல எழுதணும்னு கேக்கறவனைப் பாத்தா எனக்கு நம்பிக்கை வருது. அரை மணி நேரம் பேசினோம். அவங்க அப்பாவை அவனே சமாளிச்சுக்கறானாம்.

திங்கக்கிழமை கையெழுத்து. பென்சில் வரியெல்லாம் பேனா வரி ஆச்சான்னு பாக்க நானும் போறேன். பேக்கரி கணபதியிலதான், பழைய ஷெட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. என் பழைய கூட்டாளி வீடும் அந்தப் பக்கம்தான். முதல் நாள் பஃப்ஸ் வாங்கிட்டு அப்படியே ஒரு எட்டு போயிட்டு வரலாமான்னு வீட்டம்மா கேக்கறா. இன்னும் பதில் சொல்லலை.

கூட்டு சேர்ந்து நல்லாப் பிரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க மக்களே, கேட்டுக்கறேன் :-)